ஆற்றில் போன செல்பேசியும் கடையத்துக் கடிதங்களும்

ஜூலை 11, வியாழன் – திருநெல்வேலி

கடையத்தில் இருக்கும் நண்பரை நேரில் பார்த்துப் பதினொரு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சென்ற மாதம் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் வீட்டு மாடியில் புதிதாகப் போட்ட தகரக் கொட்டகை முதல் அவருடைய பேத்தியின் முதல் பல் வரை எல்லாவற்றையும் முகநூலில் பார்த்துக்கொண்டே இருந்ததால், பார்த்து நாளாயிற்று என்பதே தோன்றாமல் போய்விட்டது. இந்த வாரத்தில் ஒரு நாள் வருகிறேன் என்று மட்டும் செய்தி அனுப்பிவிட்டுத் தாம்பரத்தில் ரயில் ஏறினேன்.

காலையில் சந்திப்பில் இறங்கி, அறையில் பையை வைத்துவிட்டுக் குறுக்குத்துறைக்கு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவுக்கு நூற்று இருபது ரூபாய், செல்பேசியிலேயே அனுப்பினேன். அந்தக் கருவியால் நான் செய்த கடைசிச் செலவு அதுதான். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயிலைப் படம் எடுத்து, ‘தாமிரபரணித் தாயின் மடியில்’ என்று ஒரு வரியும் சேர்த்து முகநூலில் ஏற்றினேன். யாராவது பார்த்தார்களா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, செல்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முகம் கழுவக் குனிந்தேன். சத்தம்கூடக் கேட்கவில்லை. ‘ஐயையோ, போன் போச்சே அண்ணாச்சி!’ என்று பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் கத்திய பிறகுதான் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது.

குளித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், யாரும் கேட்காமலே, மூன்று முறை மூழ்கித் தேடினான். மூன்றாம் முறை மேலே வந்து, ‘இழுத்துட்டுப் போயிட்டு சார்’ என்றான். ஐம்பது ரூபாய் கொடுத்தேன். ‘கெடைக்காததுக்கு எதுக்கு துட்டு?’ என்று வாங்க மறுத்துவிட்டுத் திரும்ப நீந்தப் போய்விட்டான்.

கையில் முந்நூற்று நாற்பது ரூபாய் இருந்தது. ஏடிஎம் அட்டை அறையில் இருந்தது. பணம் பெரிய கவலையாக இல்லை. கவலை எண்களைப் பற்றியது. மனைவியின் எண் எனக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழும் ஒருத்தியின் எண்ணை நான் ஒரு முறைகூட விரலால் அழுத்தியதில்லை. பெயரைத் தொட்டால் மணி அடிக்கும், அவ்வளவுதான். மாறாக, மதுரையில் என் அக்கா வீட்டுத் தரைவழி எண் மட்டும் பிசகாமல் நினைவுக்கு வந்தது. விடுதிக்காரரிடம் கேட்டுப் பேசினேன். அக்காவிடம் அந்த எண் இன்னும் உயிரோடு இருந்தது என் புண்ணியம். ‘நான் சொல்லிடுறேன், நீ ஒழுங்கா சாப்பிடு’ என்று வைத்துவிட்டாள். செய்தி சொல்லிவிடச் சொல்லி ஓர் ஆளைப் பிடித்துப் பல ஆண்டுகளாகின்றன.

மாலையில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, பொழுது சாயும் நேரத்தில் திறக்கும் அந்தப் புகழ்பெற்ற அல்வாக் கடையில் வரிசையில் நின்றேன். இலைத் துண்டில் வைத்துக் கொடுத்த நூறு கிராமும் விரலைச் சுட்டது. முன்னால் நின்ற குடும்பம் அல்வாவைப் பல கோணங்களில் படம் எடுத்து முடிப்பதற்குள் நெய் இலையோடு ஒட்டிவிட்டது. சிரிக்கத் தோன்றியது, ஆனால் என் சட்டைப் பை நிறைந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஜூலை 12, வெள்ளி – செங்கோட்டை பாசஞ்சர்

முப்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினேன். இந்தக் குறிப்புகள் அதில் எழுதியவைதான்; ஊர் திரும்பிய பிறகு நாள்வாரியாகப் பதிவிடுகிறேன்.

நான் முதன்முதலில் கடையத்துக்கு வந்தபோது இந்தத் தடம் மீட்டர் கேஜ். 2012-இல் அகலப் பாதையான பிறகு இன்றுதான் இதில் பயணம் செய்கிறேன். சேரன்மகாதேவி தாண்டியதும் இருபுறமும் வயல், மேற்கே மலை, மலைக்கு மேல் கறுத்த மேகம். பெட்டியில் எட்டுப் பேர் இருந்தோம். ஆறு பேர் செல்பேசியில் இருந்தார்கள். மீதி இருந்த நானும் ஒரு பெரியவரும் வேறு வழியில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ‘எந்த ஊருக்கு?’ என்றார். ரயிலில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டு வெகுநாளாயிற்று.

அவர் வீரவநல்லூர்க்காரர், மகளைப் பார்க்கத் தென்காசி போகிறார். பேச்சு எப்படியோ இலங்கை வானொலிக்குப் போனது. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று சொந்த அண்ணன் தம்பிகளைச் சொல்வதுபோல அறிவிப்பாளர்களின் பெயர்களை அடுக்கினார். இந்தப் பக்கத்தில் திருச்சி நிலையத்தைவிடக் கொழும்புதான் தெளிவாகக் கேட்குமாம். அவருடைய அத்தை மகன் அங்கே வேலை பார்த்தவர். அவர் எழுதிப் போட்டு, இவருடைய பிறந்தநாளுக்கு வாழ்த்து வாசித்தார்கள். அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, சித்தி, மாமா என்று ஒவ்வொரு பெயராக வாசித்து, அதற்குப் பிறகுதான் பாட்டு வரும். ‘எங்க தெருவுல ரேடியோ ரெண்டே வீட்டுலதான். தெருவே அந்த வாசல்ல நின்னு என் பேரைக் கேட்டுச்சு. கொல்லைல மாட்டைக் கட்டிட்டிருந்த நான்தான் கேக்கல.’ சென்ற பிறந்தநாளுக்கு முகநூலில் இருநூறு வாழ்த்துக்கு மேல் வந்ததாம். ‘எல்லாத்துக்கும் நன்றி போட்டே கை ஓஞ்சு போச்சு. அதுல பாதிப் பேரு யாருன்னு எனக்குத் தெரியாது.’

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டுகளோடு ஓர் அம்மாள் ஏறினார். பெரியவர் ஒரு கட்டு வாங்கி, நான் மறுக்க மறுக்க என் பையில் திணித்தார். கீழக்கடையத்தில் நான் இறங்கியபோது சாரல் தொடங்கியிருந்தது. அவருடைய பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். முன்பெல்லாம் விலாசம் வாங்கிக்கொண்டுதான் இறங்குவோம்.

ஜூலை 13, சனி – கடையம்

நேற்று வந்து சேர்ந்த கதையை முதலில் முடித்துவிடுகிறேன். இன்லண்ட் கடிதங்களில் முந்நூறு தடவையாவது எழுதிய விலாசம் எனக்கு மனப்பாடம்; ஆனால் அந்த விலாசத்துக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பது மறந்துவிட்டது. டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் வழி சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, டீ குடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரைப் பார்த்து, ‘ஏல, அவாள விட்டுட்டு வா’ என்றார். டீ பன்னிரண்டு ரூபாய். வண்டிச் சவாரிக்குக் காசில்லை.

நண்பர் திண்ணையில் நின்று ஒரு கணம் விழித்தார். ‘வாரும், வாரும்! என்ன, சொல்லாம கொள்ளாம?’ பிறகு, ‘நேத்துக் குறுக்குத்துறைப் படம் பாத்தேன். அதுக்கப்புறம் ஒண்ணும் காணலையே’ என்றார். செல்பேசி ஆற்றோடு போன கதையைச் சொன்னேன். அவருக்குத் தெரியாத ஒரே கதை அதுதான் என்பது சிறிது நேரத்தில் புரிந்தது.

நாங்கள் 1989-இல் ஒரு வாரப் பத்திரிகையின் பேனா நண்பர் பகுதி வழியாக அறிமுகமானவர்கள். அவருடைய முதல் கடிதம், ‘பாரதியார் வாழ்ந்த ஊரிலிருந்து எழுதுகிறேன்’ என்று தொடங்கும். பாரதியின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர் இது. 1918-இன் இறுதியில் சிறையிலிருந்து விடுபட்ட பாரதி இங்கே வந்து சுமார் இரண்டு ஆண்டுகள் இருந்தார். அந்த ஒரு வரியில் அவருடைய ஊரும் வாசிப்பும் வயதின் மிடுக்கும் எனக்குத் தெரிந்துவிட்டன; முகம் தெரிய நான்கு ஆண்டுகள் ஆயின. 1993-இல் முதன்முறை சந்தித்தபோது விடிய விடியப் பேசினோம், பேச்சு தீரவில்லை.

நேற்று இரவு அரை மணி நேரத்தில் தீர்ந்தது. மகள் திருமணத்தைப் பற்றித் தொடங்கினேன். ‘ஆமா, பாத்தேன், பந்தல் நல்லா இருந்தது’ என்றார். அவருடைய முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றி அவர் தொடங்கினார். ‘பார்த்தேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே போட்டிருந்தீர்களே’ என்றேன். கோவா போனது, வீடு மாறியது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றது என்று எதை எடுத்தாலும், ‘பார்த்தேன்’ என்ற ஒரு சொல் வந்து கதவைச் சாத்தியது. இருவரும் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். மௌனம் சங்கடமாக இருந்தது என்று நான் எழுதினால் அவர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அவரும் அதைத்தான் சொன்னார்.

இன்று மதியம் சொதி. தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் சேர்ந்த அந்தக் குழம்புக்கு இஞ்சித் துவையல் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தில் இலை போட மாட்டார்கள். தேங்காய்ப் பாலின் மந்தத்தை இஞ்சி தீர்க்கும் என்பது கணக்கு. ரயில் பெரியவரின் அப்பளத்தைப் பொரித்தார்கள். அதைப் பார்த்ததும் நான் ரயில் கதையைச் சொன்னேன். நண்பரின் மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டார். நேற்று முதல் அந்த வீட்டில் நான் முழுதாகச் சொல்லி முடித்த இரண்டாவது கதை அது.

சாப்பிட்ட பிறகு நண்பர் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே, ஆண்டு வாரியாகச் சணல் கட்டிய என் கடிதங்கள். அஞ்சலட்டைக்குப் பதினைந்து காசு இருந்த காலத்தவை. நீல இன்லண்ட் தாள்கள் மடிப்பில் வெளிறி, ஒட்டுப் பசை பழுப்பேறியிருந்தன. மேலே உகரம் போட்ட பிள்ளையார் சுழி, ‘நலம், நலமறிய ஆவல்’, பிறகு நெருக்கி எழுதிய வரிகள். இடம் தீர்ந்ததும் ஓரத்தில் செங்குத்தாக, அதுவும் தீர்ந்ததும் ஒட்டும் மடிப்பின் உட்புறத்தில். பசையில் சிக்கிய அந்தக் கடைசி வரியைத்தான் அவரால் ஒருபோதும் படிக்க முடிந்ததில்லையாம். முப்பது ஆண்டுகளாக அவர் கேட்க நினைத்து மறந்த கேள்வி: ‘கிழிஞ்ச எடத்துல என்னவே எழுதுவீரு?’ எனக்கும் நினைவில்லை.

ஒரு கடிதத்தை உரக்கப் படித்தார். எஸ்டிடி பூத்தில் இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் நான் வரிசையில் நின்றதையும், முன்னால் நின்றவர் தன் மனைவியிடம் மீட்டரின் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே சண்டை போட்டதையும், நாற்பது ரூபாய் தாண்டியதும் சமாதானமாகிவிட்டதையும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அந்த ஆளும் இல்லை, அந்தப் பூத்தும் இல்லை, அந்த இரவு என் நினைவிலும் இல்லை. அவருடைய பெட்டியில் மட்டும் இருந்திருக்கிறது.

‘அந்தக் காலம்தான் எவ்வளவு நன்றாக இருந்தது’ என்று சொல்லிவிட்டேன். நண்பர் கடிதத்தை மடித்தார்.

‘எங்கிட்ட அதைச் சொல்லாதீரும். அப்பா தவறினப்ப நான் பிலாய்ல இருந்தேன். தந்தி மூணாம் நாள்தான் வந்துச்சு. நான் இங்க வந்து எறங்கும்போது சாம்பலைக் கரைச்சாச்சு.’

அவர் கடிதங்களை மீண்டும் கட்டத் தொடங்கினார். எனக்குப் பதில் இல்லை.

அவருடைய அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. மாலை ஏழு மணியானால் மஸ்கட்டிலிருந்து பேரன் காணொளியில் வந்துவிடுவான். அந்த அம்மாள் அதற்காக முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, செல்பேசியை இரண்டு கைகளாலும் குத்துவிளக்கைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, ‘சாப்ட்டியாய்யா?’ என்று கேட்கிறார். பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, ‘இந்த எழவு அப்பவே இருந்திருந்தா இவன் அப்பா கொரலு கொஞ்சம் இருந்திருக்கும். மூஞ்சி போட்டோவுல இருக்கு. கொரலுதான் மறந்து போச்சு’ என்றார். சொல்லிவிட்டு எழுந்து பூனைக்குப் பால் வைக்கப் போய்விட்டார்.

ஜூலை 14, ஞாயிறு – குற்றாலம்

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போகக் கூடாது என்று நண்பர் சொன்னார், நான் கேட்கவில்லை. காலையில் மெயின் அருவியில் குளிக்க விட்டார்கள். அருவியின் கீழ் தலையைக் கொடுத்ததும் யாரோ இருநூறு பேர் சேர்ந்து முதுகில் தட்டியதுபோல இருந்தது. பதினொரு மணிக்குத் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தொட்டது. காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார்கள். வெளியேறிய கூட்டம் அப்படியே திரும்பி நின்று அருவிக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டது.

1993-இல் இதே இடத்தில் எங்களை ஒரு புகைப்படக்காரர் எடுத்தார். முப்பத்தாறு படம் உள்ள சுருளில் எங்களுக்கு ஒன்று. பணமும் விலாசமும் வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்புவதாகச் சொன்னார். ஏமாந்தோம் என்று மூன்று வாரம் அவரைத் திட்டித் தீர்த்த பிறகு படம் வந்தது. அதில் நண்பரின் தலையில் பாதி இல்லை. அது இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. சரியாக எடுத்திருந்தால் தொங்கியிருக்காது என்பது அவருடைய மனைவியின் கருத்து.

இலக்கிய ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தை இந்த ஊரில்தான் கழித்தார், 1954-இல் காலமானார். நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாகவே வந்தன. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது, வாருங்கள் என்று ஒரு கடிதம் போட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வரும் நண்பர்கள் அவருக்கு இருந்தார்கள். ராஜாஜியும் கல்கியும் அவருடைய விருந்தினர்கள். மழை வருவதைச் சொல்ல ஒரு கடிதம், அது போய்ச் சேர மூன்று நாள், அவர்கள் வந்து சேர ஒரு வாரம்; அது வரைக்கும் சாரல் காத்திருக்க வேண்டும். இந்த ஊர்ச் சாரலை நம்பித்தான் அப்படிச் செய்ய முடியும்.

மங்குஸ்தான் கிலோ நானூறு ரூபாய் சொன்னார்கள். பேரம் பேசி முந்நூற்றைம்பதுக்கு வாங்கியதில் நான்கு பழம் கல்லாக இருந்தது. திரும்பும் வழியில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நன்றாக இருந்தது, அளவு மீறினேன், இரவில் அவதிப்பட்டேன்.

ஜூலை 15, திங்கள் – தென்காசி

காசி விசுவநாதர் கோயில் வாசலில் காற்று ஆளைத் தள்ளுகிறது. கோபுரத்துக்குள் நுழையும்போது முதுகில் கை வைத்து உள்ளே போ என்பதுபோல ஒரு தள்ளு. வெளியே வரும்போது வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் பயணச்சீட்டு செல்பேசியோடு ஆற்றில் இருந்தது. நண்பரின் செல்பேசியில் என் கணக்கைத் திறக்க முயன்றோம். கடவுச்சொல் மறந்துவிட்டது, புதிய கடவுச்சொல்லுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று அது அறிவித்தது. குறுக்குத்துறை மீன்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும். கடைசியில், சீட்டின் நகலை நான் முன்பே மனைவிக்கு அனுப்பியிருந்தது நினைவுக்கு வந்து, அக்காவைத் தரைவழி எண்ணில் பிடித்து, அவள் மனைவியைப் பிடித்து, பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் மூன்று வாய் மாறி என்னிடம் வந்தன. பரிசோதகர் அடையாள அட்டையையும் பட்டியலையும் ஒத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

இன்றைய தேதியை நண்பர்தான் நினைவுபடுத்தினார். இந்தியாவில் தந்திச் சேவை 2013-இல் இதே ஜூலை 15 முதல் நிறுத்தப்பட்டது. வாழ்த்துத் தந்திக்கு வாசகம்கூட எழுத வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள எண்ணைச் சொன்னால் போதும், திருமணத்துக்கு ஒன்று, தேர்வில் வெற்றிக்கு ஒன்று என்று அச்சடித்த வாசகம் போய்ச் சேரும். இன்று கைகூப்பும் பொம்மையையும் கேக் பொம்மையையும் அனுப்புவதைக் கேலி செய்துகொண்டிருந்த நான் இதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். ‘நிறுத்துனாங்கன்னு படிச்சப்ப எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல’ என்றார் நண்பர். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ரயிலுக்கு நேரம் இருந்தது. அஞ்சலகத்தில் இரண்டரை ரூபாய்க்கு இன்லண்ட் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் இழுப்பறையின் அடியில் தேடி எடுத்து, ‘எத்தனை சார்?’ என்றார். மூன்று என்றேன். ஒன்றை நண்பரிடம் கொடுத்தேன், ஒன்றை நான் வைத்துக்கொண்டேன், ஒன்றை அங்கேயே மேசையில் சாய்ந்து மனைவிக்கு எழுதினேன். நூலில் கட்டியிருந்த பேனா எழுதவில்லை. பின்னால் நின்ற கல்லூரி மாணவி தன் பேனாவைக் கொடுத்துவிட்டு, நான் ஓரத்தில் செங்குத்தாக எழுதி முடிக்கும் வரை பொறுமையாக நின்றாள். பசை வாய்க்குக் கசந்தது.

ஜூலை 22, திங்கள் – சென்னை

புதிய செல்பேசி வந்துவிட்டது. பழைய எண்ணே கிடைத்தது. குறுக்குத்துறைப் படத்துக்கு நாற்பத்தொரு விருப்பக்குறிகள் காத்திருந்தன.

பதினாறாம் தேதி காலை வீடு வந்து சேர்ந்ததும் மனைவி, ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டாள். வழக்கமாக நான் ஊர் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பவள். பையனின் மூன்று முங்கல், ரயில் பெரியவர், கல்லாயிருந்த மங்குஸ்தான் என்று இட்லி ஆறும் வரை சொன்னேன். பூனைக்குப் பால் வைக்கப் போன அம்மாவின் கதையை மட்டும் சொல்லாமல் விட்டேன். அதைக் கடிதத்தில் எழுதியிருந்தேன்.

கடிதம் இன்று வரை வந்து சேரவில்லை. தபால்காரர் வெள்ளிக்கிழமை வந்து காப்பீட்டு நோட்டீஸ் ஒன்றைத்தான் கொடுத்தார். ‘அதில் என்ன எழுதினீர்கள்?’ என்று மனைவி இதுவரை இரண்டு முறை கேட்டுவிட்டாள். வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.